ஒரு மையக் கணினி, முப்பது திரைகள்: கிள்ளான் தமிழ்ப்பள்ளி அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும், பள்ளி மேலாளர் வாரியத்தினருக்கும், முன்னாள் மாணவர்களுக்கும்,

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் தந்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், ஏறத்தாழ 2018க்குப் பிறகு வந்த செயலியையும் கேட்கிறது. உங்கள் பள்ளியின் கணினி அறையில் இருப்பவற்றில் எத்தனை அந்தத் தகுதியைப் பெறும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்ததும் கூட்டத்தில் இரண்டு பேச்சு எழும். எல்லாவற்றையும் மாற்ற நிதி திரட்டுவோம் என்பார் ஒருவர். ஓடுகிறவரை ஓடட்டும், பிறகு அறையைப் பூட்டிவிடலாம் என்பார் இன்னொருவர். நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளியான சிம்பாங் லீமாவாக இருந்தாலும், தோட்டம் போன பிறகும் பெயரில் தோட்டத்தைத் தாங்கி நிற்கும் சிறிய பள்ளியாக இருந்தாலும் சிக்கல் ஒன்றுதான்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். நல்ல திறனுள்ள ஒரு மையக் கணினியை மட்டும் வாங்குங்கள். பழைய கணினிகளைத் தூக்கி எறியாமல் அதன் திரைகளாக மாற்றுங்கள். பிள்ளை விசையைத் தட்டுவது தன் மேசையில். நிரலை ஓட்டுவது அறை மூலையில் இருக்கும் மையக் கணினி. விளைவு தெரிவது மறுபடியும் பிள்ளையின் திரையில். ஒரே அடுப்பில் சமைத்து முப்பது இலைக்குப் பரிமாறுகிற ஏற்பாடு இது.

நான் கணினி வலைப்பின்னல் வேலையில் இருப்பவன். தமிழ்ப்பள்ளியில் படித்தவன். இந்த வழி நம் பள்ளிகளுக்குப் பொருந்தும் என்று முழுமையாக நம்புவதால் எழுதுகிறேன்.

இது சோதனையில் இருக்கும் புதுமை அன்று. நாற்பது ஆண்டு பழைய நுட்பம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 1983இல் டிஜிட்டல், ஐபிஎம் ஆகிய இரு நிறுவனங்களோடு சேர்ந்து அதீனா திட்டத்தைத் தொடங்கியது. வளாகத்தில் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் இருந்தன. எந்த மாணவர் எந்தத் திரையின் முன் உட்கார்ந்தாலும் தன் வேலையைத் தொடர முடிய வேண்டும் என்பது அவர்களின் தேவை. அதற்காக 1984இல் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் எக்ஸ் என்ற சாளர அமைப்பை உருவாக்கினார்கள். 1987 செப்டம்பரில் வந்த அதன் 11ஆம் பதிப்பு இன்றைக்கும் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் கொண்ட ஏராளமான கணினிகளில் ஓடுகிறது.

எக்ஸ் அமைப்பில், நிரல் ஓடும் கணினியும் படம் காட்டும் கணினியும் வேறு வேறாக இருக்கலாம். 'இங்கே ஒரு சாளரம் திற, இங்கே ஒரு கோடு போடு, இந்த எழுத்தை எழுது' என்று நிரல் கம்பி வழியே கட்டளை அனுப்பும். திரை உள்ள கணினி அதை வரைந்து காட்டும். சுட்டி நகர்ந்ததையும் விசை அழுந்தியதையும் திருப்பி அனுப்பும். பின்னால் வேறு முறைகளும் வந்தன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் பிறந்த விஎன்சி, கட்டளைக்குப் பதிலாகத் திரையில் தெரியும் படத்தின் துண்டுகளையே அனுப்பியது. மைக்ரோசாஃப்ட் 1998இல் விண்டோஸ் என்டி 4.0இன் டெர்மினல் சர்வர் பதிப்போடு ஆர்டிபி என்ற தன் முறையைக் கொண்டுவந்தது.

திரையில் தெரிவதை அப்படியே நொடிக்கு நொடி அனுப்பினால் என்ன என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் 2 மில்லியனுக்கு மேல் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வீதம் ஒரு முழுத் திரைக்கு ஏறத்தாழ 6.2 மெகாபைட். நொடிக்கு 30 முறை அனுப்பினால் 1.5 கிகாபிட் ஆகிவிடும். ஒரு பிள்ளையின் திரைக்கே சாதாரண கிகாபிட் கம்பி போதாது. ஆகவே எல்லா முறைகளும் மாறிய பகுதியை மட்டும் அனுப்புகின்றன, அதையும் சுருக்கி அனுப்புகின்றன. கட்டுரை தட்டும் பிள்ளையின் திரையில் நொடிக்குச் சில எழுத்துகள்தாம் மாறும். அதற்குக் கம்பியில் மிகச் சிறிய இடம் போதும். காணொளி ஓடும் திரையில் எல்லாப் புள்ளிகளும் ஓயாமல் மாறும். இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் இந்த ஒரு கணக்கிலேயே அடங்கியிருக்கின்றன.

பள்ளிகளுக்கென்று இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1999இல் அமெரிக்காவில் ஜிம் மெக்குவில்லன் தொடங்கிய எல்டிஎஸ்பி என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம், வட்டே இல்லாத பழைய கணினிகளைக் கம்பி வழியாக எழுப்பி, மையக் கணினியின் திரைகளாக்கியது. ஓரிகன் மாநிலப் பள்ளிகள் அதை எடுத்து வளர்த்தன. கிரேக்கத்தில் பள்ளிக் கணினி அறைகளுக்கு உதவிவரும் அல்கிஸ் ஜார்ஜோபூலஸ் 2019இல் அதை முழுவதும் புதிதாக எழுதினார். இதே எண்ணத்தை வேறு கருவிகளால் நாடளவில் செய்ய 2007இல் மாசிடோனியா அரசு முன்வந்தது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு ஓடும் 20,000 கணினிகளோடு 160,000 இருக்கைகளை இணைப்பது அங்கே திட்டம். நம் நாட்டைவிட மிகச் சிறிய நாடு அது.

புதிய எல்டிஎஸ்பியில் இரண்டு வகை இருக்கை உண்டு. உங்கள் கணினிகளைத் தரம் பிரிக்க இது உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 4 ஜிபி நினைவகமும் ஓரளவு நல்ல செயலியும் உள்ள கணினி, இயங்குதளத்தை மட்டும் மையக் கணினியிலிருந்து வாங்கிக்கொண்டு நிரல்களைத் தானே ஓட்டும். கோப்புகளும் கடவுச்சொல்லும் மையக் கணினியில் இருக்கும். அதைவிடப் பலவீனமான கணினி வெறும் திரையாக நிற்கும். அதன் நிரல்கள் எல்லாம் மையக் கணினியில் ஓடும். இரண்டு வகையையும் ஒரே அறையில் கலந்து வைக்கலாம். பிள்ளை எந்த மேசையில் உட்கார்ந்து தன் பெயரைத் தட்டினாலும் அதே கோப்புகள் வரும். ஒரு கணினி பழுதானால் பக்கத்துக் கணினிக்கு மாறி உட்கார்ந்தால் போதும். செய்த வேலை போகாது.

தமிழுக்கு இதில் தனி நன்மை இருக்கிறது. எக்ஸ் அமைப்பின் தொடக்கக் காலத்தில் எழுத்துருக்கள் திரை உள்ள கணினியில் இருந்தாக வேண்டும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்குப் போதாது. 'கொ' என்று எழுதும்போது கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் நிற்கிறது. ஒருங்குறியில் சேமிக்கும்போதோ ககரம் முதலில், உயிர்க்குறி அடுத்து. அதைத் திரையில் முறையாக அடுக்கிக் காட்டும் வேலையை யாராவது செய்ய வேண்டும். 2000ஆம் ஆண்டளவில் கீத் பேக்கர்டின் முயற்சியால் எக்ஸ் அமைப்பில் ரெண்டர் என்ற நீட்சி சேர்ந்த பிறகு, எழுத்தின் உருவை நிரல் ஓடும் கணினியே முடிவுசெய்து அந்த உருவை மட்டும் திரைக்கு அனுப்பும் முறை நிலைபெற்றது. இதன் பயன் என்ன? தமிழ் எழுத்துருவையும் அஞ்சல், தமிழ்99 விசைமுறைகளையும் மையக் கணினியில் ஒரே ஒருமுறை நிறுவினால் போதும். முப்பது திரையிலும் தமிழ் ஒரே மாதிரி, உடையாமல், கட்டம் கட்டமாகச் சிதறாமல் தெரியும். ஒவ்வொரு கணினியாகத் தமிழ் ஏற்றிக்கொண்டிருக்கும் ஆசிரியரின் நேரம் மிஞ்சும்.

தமிழ்க் கணிமையில் மலேசியா பின்தங்கிய நாடன்று. முரசு அஞ்சலை ஆக்கியவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். ஆப்பிள் கணினிகளில் வரும் இணைமதி எழுத்துருவும் அவர் கைவண்ணம். உலகத் தமிழ் இணைய மாநாடு 2001இலும் 2013இலும் கோலாலம்பூரில் நடந்தது. அப்படிப்பட்ட நாட்டில், தமிழ்ப்பள்ளியின் கணினித் திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கு நாம் கூச்சப்படாமல் அக்கறை காட்ட வேண்டும்.

எல்டிஎஸ்பி ஓடுவது விண்டோஸில் அன்று, லினக்ஸில். ஆகவே பிள்ளைகள் விண்டோஸ் பழகாமல் போய்விடுவார்களே என்ற கவலை பெற்றோருக்கு வரும். நியாயமான கவலைதான். ஆனால் கல்வி அமைச்சு 2020இல் தொடங்கிய டெலிமா தளம் உலாவியில் ஓடுகிறது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் பிள்ளைகள் பழகும் ஸ்கிராட்ச் நிரலாக்கமும் உலாவியில் ஓடுகிறது. கட்டுரை எழுதவும் படவில்லை செய்யவும் லிப்ரெ ஆபிஸ் இருக்கிறது. இந்தியாவின் கேரளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போகாமல் நின்றுவிடவில்லை. ஆரம்பப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வேண்டியது கணினியின் முன் உட்காரும் நேரம். பூட்டிய அறை அதைத் தராது.

குறைகளையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். முதலாவது, காணொளி. வெறும் திரையாக நிற்கும் முப்பது கணினிகளிலும் ஒரே நேரத்தில் காணொளி ஓடவிட்டால் மையக் கணினி திணறும். ஸ்கிராட்ச் போல அசைவு மிகுந்தவற்றுக்கும் தானே நிரலை ஓட்டும் வகைக் கணினிகள்தாம் ஏற்றவை. எல்லாரும் பார்க்க வேண்டிய காணொளியை ஆசிரியர் படவீழ்த்தியில் காட்டிவிடலாம். இரண்டாவது, மையக் கணினி படுத்தால் வகுப்பே படுத்துவிடும். ஆகவே அதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. உலாவி திறக்கும் ஒரு பிள்ளைக்கு 1 முதல் 2 ஜிபி நினைவகம் என்று கணக்கிட்டு, முப்பது பேருக்கு 64 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். திடநிலை வட்டு இரண்டு போட்டு, ஒன்றில் இருப்பது மற்றதிலும் இருக்கும்படி அமையுங்கள். மூன்றாவது, இது வைஃபையில் நடக்கும் காரியமன்று. கம்பி வேண்டும், கிகாபிட் சுவிட்ச் வேண்டும். நான்காவது, லினக்ஸ் தெரிந்த ஓர் ஆளாவது கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டும். ஆள் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

விண்டோஸிலேயே இதைச் செய்ய முடியாதா என்று கேட்டால், முடியும். வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருக்கும் சாதாரண விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் அனுமதிக்கும். பலர் சேர்ந்து பயன்படுத்த விண்டோஸ் சர்வரும், ஒவ்வோர் இருக்கைக்கும் தனி உரிமமும் வாங்க வேண்டும். பணமுள்ள பள்ளிக்கு அதுவும் ஒரு வழி. லினக்ஸ் வழியில் உரிமக் கட்டணம் இல்லை.

நம் வட்டாரத்துக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதையும் கிள்ளான் பல இடங்களில் தவித்ததையும் நாம் மறக்கவில்லை. மையக் கணினியைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். மாடி அறை இல்லையென்றால் சுவரில் உயரமாகச் சட்டம் அடித்து வையுங்கள். அடுத்தது இடி. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மின்னல் மிகுந்த வட்டாரங்களில் ஒன்று. மின்னல் மின்கம்பியில் மட்டும் வருவதில்லை. தொலைபேசிக் கம்பியிலும் வலைப்பின்னல் கம்பியிலும் வரும். மையக் கணினிக்கும் சுவிட்சுக்கும் யுபிஎஸ், மின்னெழுச்சித் தடுப்பு இரண்டும் கட்டாயம். இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கம்பி இழுக்காமல் ஒளியிழை போடச் சொல்லுங்கள்.

மையக் கணினி பள்ளிக்குள் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கும் காரணம் உண்டு. 2011இல் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டம் நாட்டின் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணையமும் ஒரு மெய்நிகர் கற்றல் தளமும் தர முனைந்தது. 2019 நடுவில் ஒப்பந்தம் முடிந்ததும் பள்ளிகள் வேறு ஏற்பாட்டுக்கு மாற வேண்டியிருந்தது. தொலைவில் உள்ள ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தை நம்பி நிற்கும் எதற்கும் அந்த ஒப்பந்தத்தின் ஆயுள்தான். அறை மூலையில் நிற்கும் கணினிக்கு இணையமே இல்லாத நாளிலும் வேலை உண்டு. தட்டச்சு, ஓவியம், கணக்கு, சேமித்துவைத்த பாடங்கள் எல்லாம் அன்றும் நடக்கும். அதோடு, தூரம் கூடினால் இந்த நுட்பம் தளரும். எக்ஸ் அமைப்பில் நிரலும் திரையும் ஒவ்வொரு சிறு காரியத்துக்கும் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொள்கின்றன. ஓர் அறைக்குள் அந்தப் பேச்சு ஒரு மில்லிநொடிக்கும் குறைவாக முடிகிறது. இணையத்தைக் கடந்து போனால் ஒவ்வொரு சொடுக்குக்கும் பிள்ளை காத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ் இணைப்பை மூடாமல் விட்டால், அதே வலைப்பின்னலில் இருக்கும் இன்னொருவர் பிள்ளை தட்டுவதைப் படிக்க முடியும். ஃபின்லாந்தின் ததூ யூலோனென் 1995இல் எழுதிய எஸ்எஸ்எச், இந்தப் போக்குவரத்தை மறையாக்கி அனுப்ப வழி செய்தது. அமைத்துத் தருபவரிடம் அதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். மையக் கணினியின் கதவை இணையத்துக்கு ஒருபோதும் திறந்துவைக்காதீர்கள். எபாப்டிஸ், வேயான் போன்ற மென்பொருள்களால் ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளின் திரைகளையும் தன் திரையில் காணலாம். வகுப்பு நடத்த அது நல்ல உதவி. ஆசிரியர் பார்ப்பார் என்பதைப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

இதே நுட்பம் தீயவர் கையில் என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். வங்கியிலிருந்து பேசுகிறோம், வருமான வரி வாரியத்திலிருந்து பேசுகிறோம் என்று அழைத்து, உங்கள் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் குறுஞ்செயலியை இறக்கச் சொல்கிறார்கள். இறக்கியவுடன் நம் கைப்பேசி அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. வாழ்நாள் சேமிப்பை இழந்த முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு திரையை இன்னொரு கணினி இயக்க முடியும் என்பதைத் தன் கண்ணால் வகுப்பில் பார்த்த பிள்ளை, வீட்டில் தாத்தாவுக்கு அழைப்பு வரும்போது, 'அதை இறக்காதீங்க தாத்தா' என்று சொல்லும். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 997 என்பதையும் அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள்.

இப்போது முன்னாள் மாணவர்களுக்கு. உங்களில் பலர் போர்ட் கிள்ளான் சரக்கு நிறுவனங்களிலும் ஷா ஆலாம் தொழிற்சாலைகளிலும் கோலாலம்பூர் அலுவலகங்களிலும் வேலை செய்கிறீர்கள். விண்டோஸ் 10 முடிந்ததால் உங்கள் நிறுவனமும் கணினிகளை மாற்றிக்கொண்டிருக்கலாம். அங்கே 'பழசு' என்று கழிப்பவை, திரையாக நிற்கப் போதுமானவை. பல, தானே நிரல் ஓட்டவும் போதுமானவை. வட்டிலுள்ள நிறுவனத் தரவை முறையாக அழித்துவிட்டு, எழுத்து மூலமான அனுமதியோடு பள்ளிக்குக் கேளுங்கள். வட்டையே கழற்றிவிட்டுக் கொடுத்தாலும் நமக்குப் போதும். கம்பி வழியாக எழும் கணினிக்கு வட்டு தேவையில்லை. மின்னணுக் கழிவு அடைத்த கொள்கலன்கள் நம் துறைமுகத்தில் பிடிபடும் செய்திகளை நாம் படிக்கிறோம். நம் நாட்டுச் சட்டத்தில் மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ110 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாக இருக்கிறது. ஒரு கணினி இன்னும் ஐந்து ஆண்டு உழைத்தால் அத்தனை காலம் அது கழிவாகாது.

சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு கொடுத்த கருவிகள் அரசுச் சொத்து. அவற்றைக் கழற்றவும் மாற்றவும் விதிமுறை இருக்கிறது. தலைமையாசிரியரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். சங்கம் வாங்கியதையும் நன்கொடையாக வந்ததையும் தனியாகப் பட்டியலிட்டு அவற்றைக் கொண்டு தொடங்குங்கள்.

தொடக்கமும் சிறியதாக இருக்கட்டும். ஐந்து பழைய கணினிகள், சுமாரான ஒரு மையக் கணினி, ஒரு சுவிட்ச் போதும். பள்ளி விடுமுறையில் அமைத்து, ஒரு தவணை முழுக்க ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் பயன்படுத்திப் பாருங்கள். எத்தனை முறை நின்றது, எதற்காக நின்றது, யார் வந்து சரிசெய்தார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். திருப்தி இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இழப்பு பெரிதாக இராது. திருப்தி இருந்தால் முப்பதுக்கு விரியுங்கள். ஜாலான் மேரு பள்ளி செய்து பார்த்ததைப் பத்து அம்பாட் பள்ளியும், காப்பார் செய்ததைப் போர்ட் கிள்ளானும் அறியும்படி குறிப்பேடுகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். லினக்ஸ் தெரிந்த இளையோர் நம் வட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாலைந்து பள்ளிகள் சேர்ந்து கேட்டால் மாதம் ஒரு சனிக்கிழமை தர அவர்கள் மறுக்க மாட்டார்கள். கேட்டால் நானும் வருவேன்.

அன்பர்களே, புதுக் கணினிகளுக்கு நிதி கேட்டு விருந்து நடத்துவதற்கு முன்னால், உங்கள் அடுத்த செயலவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த ஐந்து கணினி முயற்சியைச் சேருங்கள். கணினி அறையின் சாவியை ஆணியில் மாட்டிவிடாதீர்கள்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவன்